போயிட்டு வாறோம்

உலகம்மாளுக்கு இன்றுவரை நிச்சயமில்லாதது ஒன்றுதான். கடைசியில் அந்த மனிதருக்கு அவள் பதில் சொன்னாளா, இல்லையா?

சொன்னதாகச் சில நாள் தோன்றும். தன் உதடு அசைந்ததுகூட நினைவில் இருக்கும். வேறு சில நாள், கல் மாதிரி உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றும். மன்றத்தின் ஒலிப்பதிவைக் கேட்டால் தெரிந்துவிடுமே என்பார்கள். கேட்டிருக்கிறாள். அந்த இடத்தில் கண்ணாடிக் கூரைமேல் மழை அடிக்கிற சத்தம்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு சொல் கிடந்தாலும் கிடக்கலாம். மற்றதையெல்லாம் அவளால் கோவையாகச் சொல்ல முடியும். ஆனால் ஒரு சொல்லில் தடுமாறுகிற நினைவை மற்ற இடங்களில் எவ்வளவு நம்புவது? அந்தச் சந்தேகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கவேண்டும்.

அப்போது ஏவுகணைகளுக்குப் பூட்டு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பெரிய போருக்குப் பிறகு எல்லா நாடுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. தூரம் பாய்கிற ஆயுதம் ஒவ்வொன்றின் நெஞ்சிலும் கழற்ற முடியாத ஒரு பூட்டு. சாவி ஹேக் நகரத்தில், எல்லைத் தாக்குதல் மன்றத்தில். சட்டம் காகிதத்தில் இருந்தவரை நாடுகள் முதலில் அடித்துவிட்டு அப்புறம் காரணம் சொல்லின. சட்டம் இரும்புக்குள் போனபிறகு காரணத்தை முதலில் சொல்லவேண்டியதாயிற்று.

அடிபட்ட நாடு சாட்சியங்களைக் கொண்டுவரும். தராசு என்ற இயந்திரம் அவற்றை எடைபோடும். நீதிபதி ஒப்புதல் தந்தால் பூட்டு திறக்கும். எல்லாம் ஒரே நாளில் முடிந்தாகவேண்டும். சொல்லின் பொருளில் தராசு தயங்குகிற வழக்குகளில் மட்டும் ஒரு மனிதரைக் கூப்பிடுவார்கள். மொழிச்சாட்சி என்று பெயர். தமிழுக்கு மொழிச்சாட்சி உலகம்மாள். தென்காசிக்காரி. பல வருடங்களாக அவளை யாரும் கூப்பிட்டதில்லை. தமிழ் பேசுகிற இரண்டு நாடுகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை.

தெற்குக் கரையோர ஊர்களைக் கடல் எடுத்துக்கொண்டபோது அங்கிருந்து கிளம்பியவர்கள் நடுக்கடல் மணல்மேடுகளை உயர்த்திக் குடியேறினார்கள். வடதிட்டு, தென்திட்டு. ஒரே கரைச் சனம், ஒரே பேச்சு, ஒரே குழம்பு. இரண்டு தலைமுறையில் இரண்டு கொடிகள். நடுவே கிடந்த மீன்வளமுள்ள திடல் யாருக்கு என்பதில் பகை வளர்ந்தது.

அன்று விடியும் நேரத்தில் தென்திட்டுப் பக்கமிருந்து ஒரு படகு வந்து வடதிட்டின் கடல் காவல்மேடையில் ஏறியது. வந்தவர்கள் காவலர் இருவரைச் சுட்டார்கள். ராடாரை உடைத்தார்கள். மற்றவர்களைக் கிடங்கில் பூட்டினார்கள், சமையல்காரனைச் சமையலறையில் பூட்டினார்கள். திரும்பிப் போகும்போது ஒருவன் வாசலில் நின்று மூன்று சொல் சொன்னான். சுடப்பட்ட காவலர்களில் ஒருவரான சவரிமுத்துவின் தோளில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியில் அது பதிவாகியிருந்தது.

"சரி, போயிட்டு வாறோம்."

அந்தச் சொற்களை வைத்துத்தான் வடதிட்டு பூட்டைத் திறக்கக் கேட்டது. இலக்கு, தென்திட்டின் சங்குத்துறை. படகுகள் புறப்படுகிற இடம். துறையைச் சுற்றி நெருக்கமான வீடுகள். வான்படத்தில் மொட்டைமாடிக் கொடிகளில் காய்கிற துணிகள்கூடத் தெரிந்தன. தென்திட்டோ அப்படி ஒரு படகே தன்னிடமிருந்து போகவில்லை என்று சாதித்தது, மன்றத்துக்கு ஆளையும் அனுப்பவில்லை. மக்களை வெளியேறச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அங்கே யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. துணிகள் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தன.

மன்றத்துக்கு வெளியே, காப்பி இயந்திரத்தின் பக்கத்தில், வடதிட்டின் வழக்கறிஞர் அவளைப் பிடித்துக்கொண்டார். கோயில்பிச்சை என்று பெயர். நல்ல உயரம், தூங்காத கண்கள்.

"மேடத்துக்கு எந்த ஊரு?"

"தென்காசி."

"மலைப்பக்கமா! கடக்கரைப் பேச்சு உங்களுக்கு எப்படிப் புரியும்?"

"எங்கம்மா மணப்பாட்டுக்காரி."

"அப்போ சரி." அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "ரெண்டு பேரைக் கொன்னுபோட்டு, வாசல்ல நின்னு 'வாறோம்'னுட்டுப் போறான். இதுக்கு அகராதி வேணுமா மேடம்?"

யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. அவள் கணவர் பிரிந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீதிபதி லிந்திவே தென்னாப்பிரிக்கர். மெல்லப் பேசுகிறவர். முதலில் வழக்கின் முடிச்சைச் சொன்னார்.

"தாக்குதல் நடந்தது உண்மை. அது சட்டவிரோதம் என்பதும் உண்மை. அதில் இந்த மன்றத்துக்குச் சந்தேகமில்லை. கேள்வி ஒன்றே. அடி முடிந்துவிட்டதா, இன்னும் வரப்போகிறதா? வரப்போகிற அடியைத் தடுப்பது தற்காப்பு. அதற்குப் பூட்டு திறக்கும். முடிந்துபோன அடிக்குத் திருப்பி அடிப்பது பழி. அதற்குத் திறக்காது. நட்டஈடு கேட்கலாம், குற்றவாளிகளைக் கேட்கலாம், ஏவுகணையைக் கேட்க முடியாது."

"அவர்களே சொல்லிவிட்டார்களே, வருகிறோம் என்று," என்றார் கோயில்பிச்சை.

தராசின் முடிவு திரையில் வந்தது. 'நாங்கள் போகிறோம், மீண்டும் வருவோம்.' தாக்குதல் தொடரும் சாத்தியம் அதிகம். ஆனால் பூட்டைத் திறக்கத் தேவையான எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே. அந்த மயிரிழையில்தான் உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"மொழிச்சாட்சி சொல்லலாம்," என்றார் நீதிபதி.

அவள் எழுந்தாள். மேலே மழை பிடித்துக்கொண்டது.

"எங்கள் மொழியில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'போகிறேன்' என்று சொல்லமாட்டார். சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் வாயை அடைப்பார்கள். போகிறேன் என்பது செத்துப்போகிறவனின் சொல். அதனால் போய்விட்டு வருகிறேன் என்போம். திரும்பி வரவே போவதில்லை என்று தெரிந்த இடத்திலும் அப்படித்தான். வங்கியில், மருத்துவமனையில், துக்கவீட்டில்... துக்கவீட்டில் மட்டும் சொல்வதில்லை. அங்கே சொல்லாமல் போவோம்."

"கடலில் போகிறவர்கள்?"

"அவர்களுக்குத்தான் பயம் அதிகம். படகில் ஏறப்போகிறவன் வாசலில் நின்று 'போறோம்' என்றால் அவனே அவனுக்குக் குழி வெட்டிக்கொண்ட மாதிரி. இவன் மிரட்டவேண்டும் என்று சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தன் உயிருக்குப் பயந்து சொல்லியிருக்கிறான்."

நீதிபதியின் முகத்தில் ஏதோ இளகியது. "எங்கள் மொழியில் கிளம்புகிறவர் 'நலமாக இரு' என்பார். இருப்பவர் 'நலமாகப் போ' என்பார். சுட்டவன் அப்படிச் சொல்வானா என்று யோசிக்கிறேன்."

கோயில்பிச்சை எழுந்தார். "ஒரே ஒரு சந்தேகம். மொழிச்சாட்சி சொல்வதைப் பார்த்தால் தமிழனால் 'வருவேன்' என்று மிரட்டவே முடியாது. கத்தியைக் காட்டிக்கொண்டு 'வாறேன்' என்றாலும் அது மரியாதையா? எங்கள் தெருச்சண்டையில் 'வாறேம்லே, இருந்து பாரு' என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனால் நாங்கள் அன்று கதவைத் திறந்துவைத்துத் தூங்குவதில்லை. அம்மையார் தூங்குவாரா?"

நியாயமான கேள்வி. சங்குத்துறை மாடிகளில் காய்கிற துணிகள் கண்ணில் வந்தன. தவறாகச் சொன்னால் அந்தப் பக்கம் அவ்வளவு பேர். வேறு மாதிரித் தவறாகச் சொன்னால் இந்தப் பக்கம், மறுபடி ஒரு விடியலில், ஒரு படகு.

"தூங்கமாட்டேன்," என்றாள். "மிரட்டலும் இருக்கிறது, விடைபெறுவதும் இருக்கிறது. சொல் ஒன்றுதான். சொல்லை இழுக்கிற விதத்தில் தெரியும். ஆனால் அங்கே காற்று இருக்கிறது, இழுப்பு சரியாகக் கேட்கவில்லை."

"பிறகு எப்படித்தான் பிரித்தறிவது?" என்றார் நீதிபதி.

அவள் அந்த மூன்று சொல்லையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். எழுத்தர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம்தான் அவளுக்கு அது தட்டுப்பட்டது.

"பதில் இருக்கவேண்டும்," என்றாள். "விடைபெறுகிற சொல் ஒற்றையாக நிற்காது. போயிட்டு வாறேன் என்றால், இருப்பவர் 'வாங்க' என்பார். மிரட்டினால் யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை. அந்தப் பதிவு எதோடு முடிகிறது? அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது?"

வடதிட்டு கொடுத்த பதிவு அந்த மூன்று சொல்லோடு நின்றிருந்தது. மிச்சம் வெறும் இரைச்சல் என்று வெட்டிவிட்டிருந்தார்கள். முழுப் பதிவும் மன்றத்துக்கு வரவேண்டும் என்பது விதி. கோயில்பிச்சை மறுப்புச் சொன்னார், ஆனால் குரலில் பலமில்லை.

பதிவு ஓடியது. காற்று. தூரத்தில், வாசலில் ஒரு ஆண்குரல். சரி, போயிட்டு வாறோம். பூட்ஸ் சத்தம். அப்புறம் மிக அருகில், துணி உரசுகிற சத்தத்துக்கு நடுவே, ஒரு மூச்சு. பிறகு:

"ம்... வாங்க."

மூன்று முறை போடச் சொன்னார் நீதிபதி. தராசு அது குரல்தானா என்பதையே உறுதியாகச் சொல்ல மறுத்தது.

கோயில்பிச்சையின் முகம் வெளிறியிருந்தது. அது பூட்டை நினைத்து அல்ல என்பது உலகம்மாளுக்குப் பிறகுதான் புரிந்தது. வடதிட்டில் போர்க்காலச் சட்டம் ஒன்று இருந்தது. பகைவனை வரவேற்றல். அந்தக் குற்றம் செய்தவனுக்குச் சிறை, அவன் குடும்பத்தையே திட்டைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள். வெளியேற்றம் என்றால் கடல்தான். போக வேறு நிலம் கிடையாது.

"இயந்திரம் ஏற்காத ஒலியை நான் ஏற்கவேண்டுமானால் ஒரு மனிதர் அதை உறுதிசெய்யவேண்டும்," என்றார் நீதிபதி. "அங்கே பேசக்கூடிய நிலையில் யார் இருக்கிறார்கள்?"

கிடங்கில் பூட்டப்பட்டவர்களுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. வாசல் இடைவழியை ஒட்டி இருந்தது சமையலறை மட்டும். சமையல்காரர் தொம்மையை வடதிட்டு மருத்துவமனைக் கட்டிலிலிருந்து திரையில் கொண்டுவந்தார்கள். ஐம்பதை ஒட்டிய வயது. நெற்றியில் கட்டு. கேமரா கோணலாக இருந்ததால் முதலில் அவர் காது மட்டும் தெரிந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் கிட்ட வாரும். இந்தப் பெட்டியைத் திருப்பிவையும். உலகமே என் காதைப் பாத்துக்கிட்டிருக்கு."

உலகம்மாளுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. வாரும். அவள் அம்மா வாயில் கேட்ட சொல்.

கோயில்பிச்சை முந்திக்கொண்டார். தமிழிலேயே பேசினார். "தொம்மை, நீரு யோசிச்சுப் பேசும். இங்க சொல்லுற சொல்லை அழிக்க முடியாது."

"நான் உப்புப் போட்டாலே அழிக்க முடியாது சார். சொல்லு போட்டா அழியுமா?"

நீதிபதி கேட்கச் சொல்ல, உலகம்மாள் கேட்டாள். "அண்ணாச்சி, அவங்க போகும்போது ஒருத்தன் என்னமோ சொன்னான்லா?"

"சொன்னான். போயிட்டு வாறோம்னான்."

"மிரட்டுற மாதிரி இருந்துச்சா?"

"இல்லம்மா. அந்தப் பய குரலு நடுங்கிச்சு. அவன் முன்னப்பின்ன ஆளைச் சுட்டிருக்கமாட்டான். வாசல்ல கால வச்சதும் வாயில வந்துட்டு. நம்ம ஆளுவளுக்கு வாசலத் தாண்டும்போது வேற என்னம்மா வரும்?"

பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தொம்மை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த மூச்சு வந்தபோது அவர் கை போர்வையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் குரல் முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"பதில் சொன்னது யாரு?" என்றாள் உலகம்மாள்.

கோயில்பிச்சை, "தொம்மை..." என்றார்.

"நாந்தான்."

"நீங்க சமையலறைக்குள்ள..."

"கதவுல தட்டு நீட்டுற சன்னல் ஒண்ணு இருக்கு. அது வழியாச் சொன்னேன். என்னத்தச் சொல்ல, பழக்கதோசம். போயிட்டு வாறோம்னான். போயிட்டு வாரும்னேன்."

மன்றத்தில் இருந்த தமிழ்க்காதுகள் இரண்டு பேருடையவை. அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாரும். பதிவில் இருந்தது வாங்க.

ஐம்பது வருடம் வாரும் என்றே சொன்ன வாய் அன்று மட்டும் வாங்க என்று சொல்லியிருக்காது. அந்தக் குரல் சன்னலுக்கு அப்பாலிருந்தும் வரவில்லை. கருவி சவரிமுத்துவின் தோளில் இருந்தது. குரல் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. உடனே உயிர் போய்விட்டது என்று அவர் வீட்டாருக்குச் சொல்லியிருந்தார்கள். உயிர் உடனே போயிருக்கவில்லை. குண்டுபட்டுத் தரையில் கிடந்த மனிதர், கொன்றவன் வாசலில் நின்று விடைபெற்றதும், அந்த நிலையிலும், பழகிய வாயால் பதில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பதில்தான் சங்குத்துறையைக் காப்பாற்றப்போகிறது. அதை யாராவது ஒருவர் தன்னுடையதென்று ஏற்கவேண்டும். அது செத்தவருடையது என்றானால் அவர் பெயர் காவல்மேடை நினைவுக்கல்லில் ஏறாது. அவர் மனைவியும் பிள்ளைகளும் கடலில் நிற்பார்கள்.

உலகம்மாள் கோயில்பிச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இப்போது எழுந்து சாட்சி பொய் சொல்கிறார் என்று சொல்லலாம். சொன்னால் குரல் யாருடையது என்ற கேள்வி வரும். அந்தக் கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கும். வெறும் கணக்குதானா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் முன்னால் இருந்த தாள்களை அடுக்கினார். பிறகு கலைத்து மறுபடி அடுக்கினார்.

"மொழிச்சாட்சிக்கு மேலும் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்றார் நீதிபதி.

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பொய் என்று தெரிந்த சாட்சியத்தின் மேல் தீர்ப்பு எழுதவிடுவது மன்றத்துக்குச் செய்கிற துரோகம். சத்தியப்பிரமாணத்தில் அது தனி வாக்கியமாகவே இருக்கிறது. ஆனால் அவளிடம் கேட்கப்பட்டது சொல்லின் பொருள். சொல்லின் பொருளில் பொய் இல்லை.

"மொழியைப் பற்றி எதுவுமில்லை," என்றாள்.

நீதிபதி அவளைத் தேவைக்குமேல் ஒரு கணம் பார்த்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். நடந்தது ஆயுதத் தாக்குதல். அது முடிந்துவிட்டது. சொல்லப்பட்டது விடைபெறும் வழக்கச் சொல், அதற்குரிய பதிலும் சொல்லப்பட்டிருக்கிறது. இனி வரும் அடி என்பதற்குச் சாட்சியமில்லை. தென்திட்டு குற்றவாளிகளை ஒப்படைத்து நட்டஈடு தரவேண்டும். பூட்டு திறக்காது.

எல்லாரும் எழுந்து போனார்கள். திரையை அணைக்க எழுத்தர் வந்தபோது உலகம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். தொம்மை அங்கேயே இருந்தார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"ஒரு பூனை இருக்கு. அதைத் திட்டைவிட்டு வெளியேத்தச் சொல்லும் பாப்போம். எவனாலயும் முடியாது."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்தினார்.

"சவரி நல்ல மனுசன்மா," என்றார். "சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைப்பான். மூணு பிள்ளைய." கதவுப் பக்கம் யாரோ வந்து நின்றார்கள். சீருடைக்காரர்கள். அவர் அவர்களைப் பார்த்துவிட்டு, கேமராவைப் பார்த்தார். "கூப்பிடுதாங்க. அப்போ நான் போயிட்டு வாறேன்மா."

இந்த இடத்தில்தான் அவள் நினைவு நிற்கிறது.

இனி அவரவர் என்ன ஆனார்கள் என்பது. தொம்மைக்கு ஆறு வருடச் சிறை. கோயில்பிச்சை அரசு வேலையை விட்டுவிட்டுத் தொம்மைக்காக மேல்முறையீடு செய்தார், தோற்றார். நான்காம் வருடம் தொம்மை சிறையிலேயே நெஞ்சுவலியில் இறந்தார். அவருடைய பூனையைச் சவரிமுத்துவின் மனைவி எடுத்து வளர்த்தாள். சவரிமுத்துவின் பெயர் காவல்மேடைக் கல்லில் இருக்கிறது. லிந்திவே ஓய்வுபெற்றுத் தன் ஊருக்குப் போய்விட்டார். தராசின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே 'விடைபெறல்' என்று சேர்த்தார்கள். உலகம்மாள் அந்த வருடமே பதவியை விட்டு விலகித் தென்காசிக்கு வந்துவிட்டாள். தென்திட்டு யாரையும் ஒப்படைக்கவில்லை, ஒப்படைக்க யாரும் இருக்கவில்லை. அந்தப் படகு ஒரு கோடையில் திடலுக்குத் தெற்கே பாறையில் கவிழ்ந்து கிடக்கக் கண்டெடுத்தார்கள். மன்றம் கூடுவதற்கு முன்பே, அன்று காலையிலேயே அது மூழ்கியிருந்தது. அதில் போனவர்கள் ஒருவரும் வீடு வந்து சேரவில்லை.